வாப்பாக்கு மணமும் தெரியல்ல, ருசியும் தெரியல்ல: பார்க்கின்சனில் என்ன செய்யலாம்?

அக்கரைப்பற்று மகள் கேட்டது:

வாப்பாக்கு 69 வயசு. பார்க்கின்சன் (நடுக்கவாதம்) எண்டு முடிவாகி மூணு வருஷம். லெவோடோபா–கார்பிடோபா குளிசை நாளைக்கு மூணு தரம், நடுக்கத்துக்கு பென்ஸ்ஹெக்சோல் 2 மில்லிகிராம் காலையும் இரவும், பிரஷருக்கு ஒரு குளிசை. சீனி வருத்தம் இல்லை. மூக்கு டொக்டர் பார்த்து, சதை வளர்ச்சியோ பீனிசமோ இல்லை எண்டு சொல்லிட்டார்.

எந்த ஆணம் வச்சாலும் உப்பில்ல, உறைப்பில்ல எண்டு தூளும் உப்பும் அள்ளிப் போடுறார். ஆறு மாசத்துல நிறை 64 கிலோவில இருந்து 60க்கு இறங்கிட்டு. பால் பொங்கி கேஸ் அடுப்பு அணைஞ்சும் பக்கத்துல இருந்தவருக்கு மணம் தெரியல்ல. சில இரவுல ஒண்டுமே எரியாம "என்னமோ கருகுது" எண்டும் சொல்றார்.

இது குளிசையால வந்ததா? டோஸ் கூட்டினா மணம் திரும்பி வருமா? மூக்குல எண்ணெய் விடுறது, சிங் (துத்தநாகம்) குளிசை இதெல்லாம் சரியா? சமையலை எப்படி மாத்துற? மணப் பயிற்சி எண்டு ஒண்டு இரிக்காமே, அதுக்கு என்னென்ன சாமான் வேணும்?

நரம்பியல் பிரிவு, மட்டக்களப்பு:

தங்கச்சி, முதல் கேள்விக்கு நேரடியான பதில்: பெரும்பாலும் குளிசையால் வந்ததில்லை, நோயோடு வந்தது. 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை முதன்முதல் விவரித்து எழுதியபோது, புலன்களுக்குக் கேடில்லை என்றே எழுதினார். மணப்புலன் குறைவதை 1975இல்தான் ஆய்வாக வெளியிட்டார்கள். இன்று பார்க்கின்சன் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேர் வரைக்கும் சோதித்தால் குறைவு தெரியும் என்பது ஏறக்குறைய ஒத்துக்கொள்ளப்பட்ட விஷயம். கை நடுக்கத்துக்குப் பல வருடம் முந்தியே அது தொடங்கியிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் போவதால், சோதித்துக் காட்டும் வரை பலருக்குத் தங்கள் மூக்கு மங்கியதே தெரியாது. "கறியில ஒண்டுமில்ல" என்று சமைத்தவரைத்தான் குறை சொல்வார்கள்.

காரணம் இது. அல்ஃபா சினுக்கிளின் என்ற புரதம் திரண்டு நரம்புக் கலங்களில் லூவி உருண்டைகளாகப் படிகிறது. ஹைக்கோ பிராக் குழுவினர் 2003இல் வகுத்த படிநிலைப்படி, இந்தப் படிவு முதலில் மூக்குக்கு மேலே உள்ள மணக்குமிழிலும், குடலுக்குப் போகும் வேகஸ் நரம்பின் கருவிலும் தோன்றுகிறது. நடையையும் அசைவையும் ஆளும் கருந்திட்டுப் பகுதிக்கு மூன்றாம் படியில்தான் வருகிறது. மணக்குறைவும் மலச்சிக்கலும் நடுக்கத்துக்கு முந்தி வருவதற்கு இதுவே விளக்கம். எல்லா நோயாளரிலும் இந்த ஒழுங்கு அப்படியே பொருந்துவதில்லை.

டோஸ் கூட்டினால் மணம் திரும்பாது. லெவோடோபா நிரப்புவது கருந்திட்டுப் பகுதியில் குறைந்த டோபமின் என்ற மூளை இரசாயனத்தை. மணக்குமிழில் டோபமின் பற்றாக்குறை இல்லை. அங்கே டோபமின் கலங்கள் கூடியே இருப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் மணத்துக்காக டோஸை ஏற்றச் சொல்லிக் கேட்க வேண்டாம், தேவையில்லாத கை கால் முறுக்கல்தான் மிஞ்சும்.

நாக்கு வேறு, மூக்கு வேறு. உப்பு, புளி, இனிப்பு, கசப்பு, இறைச்சிச் சாறு போன்ற சுவை ஆகிய ஐந்தும் நாக்கில் இருந்து வேறு நரம்புகள் வழியாகப் போகின்றன. அவை பார்க்கின்சனில் கொஞ்சம் மங்கலாம், ஆனால் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். ரம்பை, கறிவேப்பிலை, ஏலக்காய், வறுத்த தேங்காய் என்று ருசியில் நாம் சேர்த்துச் சொல்வதெல்லாம், மெல்லும்போது தொண்டைக்குப் பின்னால் மூக்குக்கு ஏறும் மணம். அது போனதும் நாக்குக்கு எட்டும் உப்பும் கொச்சிக்காய் எரிவும் மட்டும் மிச்சம். வாப்பா உப்பையும் தூளையும் தேடுவது அதனால்தான்.

மணம் போனவர்கள் எல்லாருக்கும் பார்க்கின்சன் வருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கும் சிலர் பயப்படுவார்கள். 65–80 வயதினரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வயதாலேயே மணப்புலன் குறையும். சளி, கொவிட், தலையடி, புகைத்தல் என்று வேறு காரணங்களும் உண்டு. திடீரென்று ஒரு நாளில் போனால் நோய்த்தொற்றைத் தேடுங்கள்.

சம்மாந்துறை வாசகன்:

தைலத்தை முகர்ந்தா "சுர்" எண்டு ஏறுது எண்டு சொல்றாங்களே? அப்ப மூக்கு வேலை செய்யுதுதானே?

நரம்பியல் பிரிவு, மட்டக்களப்பு:

இல்லை, இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. மென்தோல் குளிர்ச்சி, தைலத்தின் சுர்ரென்ற ஏற்றம், வெங்காயக் காரம், அமோனியா எல்லாம் முகத்துக்கு உணர்ச்சி கொடுக்கும் ஐந்தாம் மண்டை நரம்பில் போகின்றன. முதலாம் மண்டை நரம்பான மண நரம்பு முழுக்கச் செத்திருந்தாலும் தைலம் உறைக்கும். ஆகவே சோதிக்கத் தைலம் கூடாது.

வீட்டில் சோதிக்க கோப்பித்தூள், நசுக்கிய கராம்பு, வாசனைச் சவர்க்காரம் ஆகிய மூன்றையும் ஒரே மாதிரிச் சிறு போத்தல்களில் போட்டு, நான்காவதை வெறுமனே விடுங்கள். கண்ணை மூடச் சொல்லி, ஒரு மூக்குத் துவாரத்தை விரலால் அடைத்து, மற்றதற்கு இரண்டு சென்டிமீற்றர் தூரத்தில் பிடியுங்கள். "என்ன மணம்" என்று கேட்க வேண்டாம், பெயர் ஞாபகம் வராததும் பிழையாகிவிடும். "கோப்பியா, கராம்பா, சவர்க்காரமா, ஒன்றுமில்லையா" என்று நான்கையும் சொல்லித் தெரிவு செய்யக் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் அரை நிமிடம் விடுங்கள். நான்கில் ஒன்றைத் தற்செயலாகவே சரியாகச் சொல்லிவிட முடியும் என்பதால், ஒவ்வொன்றையும் மூன்று தரம் மாற்றி மாற்றிக் காட்டிக் கணக்கெடுங்கள். இது நோயை உறுதிசெய்யும் சோதனை அல்ல, பயிற்சிக்கு முன் எழுதிவைக்கும் ஒரு அளவு.

பாமசி அனுபவம், அம்பாறை:

குளிசைப் பக்கம் நான் சொல்கிறேன். மணத்தைக் கெடுத்தது குளிசை இல்லை என்றாலும் வாயைக் கெடுக்கும் குளிசை அந்தப் பட்டியலில் இருக்கிறது: பென்ஸ்ஹெக்சோல். அது உமிழ்நீரை வற்றவைக்கும். உப்பும் புளியும் உமிழ்நீரில் கரைந்தால்தான் நாக்கு அரும்புக்கு எட்டும், உலர்ந்த வாய்க்கு எந்தக் கறியும் மண். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மறதி, குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பையும் அது கொண்டுவரலாம். அடுத்த கிளினிக்கில் "இது இன்னும் தேவையா" என்று கட்டாயம் கேளுங்கள். நீங்களாக ஒரே நாளில் நிறுத்த வேண்டாம், திடீரென்று விட்டால் விறைப்பு கூடும்.

பிரஷர் குளிசையின் பெயரைப் பாருங்கள். கப்டொப்ரில் என்றால் அதுவே ருசியைக் குலைக்கக்கூடியது. மற்றவர்களுக்காகச் சொன்னால், சீனி வருத்தத்துக்கான மெட்போர்மினும் வாயில் உலோகச் சுவை தரும். லெவோடோபாவால் உமிழ்நீர், வியர்வை, சிறுநீர் கறுத்துப்போவது பழுதில்லை.

உப்பைக் குறைக்கச் சொல்லும் முன் ஒரு வேலை இருக்கிறது. பார்க்கின்சனும் அதன் குளிசைகளும் எழுந்து நிற்கும்போது பிரஷரை விழவைக்கும். ஐந்து நிமிடம் படுக்கவைத்து அளந்து, எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் திரும்ப அளவுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அந்த அளவுகளை எழுதிக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள். பிரஷர் குளிசையைக் குறைப்பதா, உப்பு எவ்வளவு என்பதெல்லாம் அதைப் பார்த்துத்தான் முடிவாகும். நிற்கும்போது பிரஷர் விழாமல், படுத்தாலும் இருந்தாலும் கூடியிருந்தால்தான் உப்புக் கட்டுப்பாடு கறாராக வேண்டும்.

சிங் குளிசைக்குப் பார்க்கின்சன் மணக்குறைவில் பலன் காட்டப்படவில்லை. நாளுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் மாதக்கணக்கில் விழுங்கினால் உடலில் செம்பு குறைந்து, அதுவே முள்ளந்தண்டு நரம்பைக் கெடுத்து நடையைத் தள்ளாடவைக்கும். ஏற்கனவே தள்ளாடுகிறவருக்கு அது எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள். சிங் கலந்த மூக்கு மருந்துகள் மணத்தையே அழித்த சம்பவங்கள் பதிவாகியிருப்பதால் அவற்றைத் தொடவே வேண்டாம்.

மூக்கில் எண்ணெய் விடுவதை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். விழுங்குதல் பலவீனமான ஒருவருக்கு மூக்கில் விட்ட எண்ணெய் சத்தமில்லாமல் நுரையீரலுக்கு இறங்கும். எண்ணெய் இருமலைத் தூண்டாது என்பதால் யாருக்கும் தெரியாது. கொழுப்பு நியுமோனியா என்று பிறகு எக்ஸ்ரேயில்தான் தெரியவரும். வைத்தியர் பூனைக்காலி விதைத்தூள் தந்திருந்தால் அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள், அதற்குள் இயற்கையான லெவோடோபாவே இருக்கிறது. குளிசையோடு சேர்ந்தால் அளவு எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது.

சாப்பாடு இறங்கவில்லை, குமட்டுகிறது என்று வேறு எங்காவது மருந்தெடுக்கப் போனால் "பார்க்கின்சன்" என்ற சொல்லை முதலில் சொல்லுங்கள். மெட்டோகுளோப்பிரமைட், புரோகுளோர்பெரசின் இரண்டும் டோபமினை அடைத்து நோயை மோசமாக்கும்.

விழுங்கல் – சாப்பாடு, கல்முனை:

மகள், 64இல் இருந்து 60 என்றால் ஆறு வீதத்துக்கு மேல் குறைவு. ஆறு மாதத்தில் ஐந்து வீதத்தைத் தாண்டினாலே டொக்டருக்குச் சொல்ல வேண்டும், அடுத்த கிளினிக் வரை பொறுக்க வேண்டாம். வாரம் ஒருமுறை, ஒரே தராசில், காலையில் சாப்பிட முன்னர் நிறுத்து எழுதுங்கள்.

சமையலில் விதி ஒன்றுதான்: போனதைத் துரத்தாமல் மிஞ்சியதைப் பிடியுங்கள். மிஞ்சியது புளிப்பு, மீன் சாற்றின் சுவை, இஞ்சி–மிளகு–கடுகின் காரம், சூடும் குளிரும், மெதுமையும் மொறுமொறுப்பும். ரம்பையை இரட்டிப்பாகப் போட்டுப் பயனில்லை. தேசிக்காய்ப்புளி, அடுப்பால் இறக்கிய பிறகு ஒரு கோப்பைக்கு அரைத் தேக்கரண்டி, கொதியில் விட்டால் கசந்து போகும். புளியாணத்துக்கு வாப்பாவின் கோப்பையில் மட்டும் பழப்புளியைச் சற்றுத் தூக்கலாக விடலாம். மாசித்தூள் ஒரு தேக்கரண்டி கத்தரிக்காய் கறிக்கும் கீரைச் சுண்டலுக்கும் நல்ல சுவையைக் கொடுக்கும், ஆனால் அதிலும் உப்பு இருப்பதால் கறி உப்பைக் குறையுங்கள். தக்காளி, பூண்டு, வறுத்து இடித்த தூள் எல்லாம் உதவும். சூடான சோற்றோடு குளிர்ந்த எருமைத் தயிர் இரண்டு கரண்டி பக்கத்தில் இருந்தால் ஒவ்வொரு வாயும் வேறு வேறாகத் தெரியும். ஒரே கறியை விடாமல் சாப்பிட்டால் நாலாம் வாயிலேயே நாக்கு பழகிவிடும், அதனால் இரண்டு கறியை மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

உப்பு: உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு மட்டத் தேக்கரண்டிக்கும் குறைய. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் இந்தக் கணக்குக்குள்ளேதான். முழுச் சட்டியிலும் உப்பைக் குறைத்துச் சமைத்து, அவருக்கு உரிய கால் தேக்கரண்டியைச் சிறு டப்பாவில் கொடுத்து, கோப்பையில் மேலாகத் தூவச் சொல்லுங்கள். மேலே கிடக்கும் உப்பு நேராக நாக்கில் படும், கறிக்குள் கலந்ததைவிடக் கூடுதலாகத் தெரியும். டப்பா முடிந்தால் அன்றைக்கு முடிந்தது. உப்புச் சிரட்டையை மேசையில் வைக்காதீர்கள், ருசியால் அளக்கிறவருக்கு அது முடிவில்லாத கிணறு. பிரஷர் விழும் ஆள் என்று தெரிந்தால் இந்தக் கணக்கை டொக்டர் மாற்றுவார்.

மிளகாய்த்தூளை உலர்ந்தபடி தூவுவதை நிறுத்துங்கள். தூசி தொண்டையில் பட்டால் இருமல், இருமலோடு சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போகும். காரம் வேண்டுமானால் சம்பலாக அரைத்து, கறியில் கரைத்துக் கொடுங்கள்.

பிட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம்ம பக்கத்தில் காலையும் இரவும் பிட்டுத்தான். உதிர்ந்த பிட்டு பார்க்கின்சன்காரருக்கு மிக ஆபத்தான உணவுகளில் ஒன்று, துகள்கள் வாயெல்லாம் பரவும், உலர்ந்த வாயில் உருண்டையாகாது. சொதியை மேலே ஊற்றிக் கொடுப்பதும் சரியில்லை: தண்ணி முந்தித் தொண்டைக்கு ஓடும், பிட்டு பிந்தும். பாலாணமோ சொதியோ விட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்து, கரண்டியால் நசித்து, தண்ணி தனியாகப் பிரியாத ஒரே பதமாக்கிக் கொடுங்கள். இடியப்பத்துக்கும் இதே முறை. சாப்பிடும்போது இருமல், பிறகு தொண்டை ஈரமாகக் கரகரப்பது, ஒரு வேளைக்கு அரை மணிக்கு மேல் எடுப்பது, அடிக்கடி மார்புச் சளிக் காய்ச்சல் இதில் ஏதும் இருந்தால் பேச்சு மொழி சிகிச்சையாளரிடம் விழுங்கல் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

மெல்லும் முறையிலும் ஒரு உத்தி உண்டு. விழுங்கிய கையோடு வாயை மூடி மூக்கால் மெதுவாக மூச்சை வெளியே விடச் சொல்லுங்கள். மிச்சம் இருக்கிற கொஞ்ச மணமும் அந்த வழியால்தான் மேலேறும்.

குளிசை நேரம்: லெவோடோபாவை உணவுக்கு அரை மணி முந்தி அல்லது ஒரு மணி பிந்தி. மீன், முட்டை, தயிர், பருப்பின் புரதம் குடலில் லெவோடோபாவோடு போட்டிபோடும். அதற்காகப் புரதத்தைக் குறைக்க வேண்டாம், நிறை ஏற்கனவே இறங்குகிறது. குளிசையின் பலன் மத்தியானத்தில் விட்டுவிட்டுப் போகிறது என்றால் மட்டும் மீனையும் முட்டையையும் இரவுச் சாப்பாட்டுக்குத் தள்ளலாம். இரும்புக் குளிசை எடுத்தால் இரண்டு மணி இடைவெளி.

வெற்றிலை போடுகிறவரா? சுண்ணாம்பும் பாக்கும் வாயின் தோலை மரக்கவைக்கும், மிச்ச ருசியும் போய்விடும். நாக்கில் வெள்ளைப் படலம் இருந்தால் பூஞ்சணமாக இருக்கலாம், காட்டுங்கள்.

அக்கரைப்பற்று மகள்:

வெத்திலை நாளைக்கு நாலு வாய் போடுவார், எழுதிட்டேன். பிட்டு விஷயம் தெரியாம சொதி ஊத்தித்தான் குடுத்தோம். இப்ப கேஸுக்கு என்ன செய்யலாம்?

வீட்டுப் பாதுகாப்பு, களுவாஞ்சிக்குடி:

எரிவாயுவுக்கு மணமே கிடையாது, மெர்கப்டன் என்ற கந்தகப் பொருளைக் கலந்துதான் அந்த நாற்றத்தைக் கொடுக்கிறார்கள். 2021 இறுதியில் இலங்கையெங்கும் அடுப்புகள் வெடித்த நேரத்தில் அந்தக் கலப்பைப் பற்றிப் பெரிய பேச்சு எழுந்தது. மணம் தெரியாத ஒருவருக்கு அந்த எச்சரிக்கை எப்போதும் இல்லை என்று வைத்து ஏற்பாடு செய்யுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது, தரையோடு படியும். எச்சரிக்கைக் கருவியை நிலத்தில் இருந்து ஒரு அடி உயரத்துக்குள், அடுப்பில் இருந்து ஒன்று முதல் நான்கு மீற்றருக்குள் பொருத்துங்கள். மேல் சுவரில் மாட்டினால் பயனில்லை. கரண்ட் போனாலும் ஓடும் பற்றரி வகை நல்லது. சமைத்து முடிந்தால் ரெகுலேட்டரையே அடைக்க வேண்டும், அடுப்புத் திருகை மட்டும் அல்ல. குழாயையும் ரெகுலேட்டர் மூட்டையும் மாதம் ஒருமுறை சவர்க்கார நீர் பூசிப் பாருங்கள். குமிழ் வந்தால் கசிவு. குழாயில் அச்சிட்ட திகதி தாண்டியிருந்தால் வெடிப்பில்லை என்றாலும் மாற்றுங்கள். கசிவு சந்தேகமானால் சுவிச்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கதவு ஜன்னலைத் திறந்து வெளியே போய்விடுங்கள்.

பால் பொங்குவதற்கு எளிய வழி, சுடர் அணைந்தால் தானே வாயுவை அடைக்கும் வால்வு உள்ள அடுப்பு. வாப்பாவுக்குத் தேத்தண்ணிக்கு மட்டும் மின் கேத்தல் போதும்.

பழுதான சாப்பாடு இரண்டாவது. மூக்கு செய்த வேலையை இனிக் கண்ணும் கடிகாரமும் செய்ய வேண்டும். தேங்காய்ப்பால் கறி நம்ம வெக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. சட்டியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, சமைத்த நேரத்தை எழுதி பிரிஜ்ஜில் வையுங்கள். பிரிஜ் மூடியபடி நாலு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் போனால் மீனும் கறியும் கொட்டவேண்டியதுதான். சூரை, கெளவல்லா போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் உருவாகும், சமைத்தாலும் போகாது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து தலையிடி வரும். கண் தெளிவாகப் புடைத்து, செவுள் சிவப்பாக, அழுத்திய விரல் பள்ளம் உடனே நிமிர்ந்தால் நல்ல மீன். இந்தத் தெரிவை வாப்பாவிடம் விடாமல் வீட்டில் வேறு ஒருவர் செய்யட்டும்.

உடுப்பில் சிறுநீர், வியர்வை நாற்றம் அவருக்குத் தெரியாது. குளிக்கவும் மாற்றவும் நேரம் குறித்துவிடுங்கள், "நாறுது" என்று யாரும் சொல்லத் தேவை வராது.

நரம்பியல் பிரிவு, மட்டக்களப்பு:

கருகல் மணத்துக்கு: முதலில் அடுப்பையும் பிளக்கையும் போய்ப் பாருங்கள், அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஒன்றுமில்லை என்றால் அது இல்லாத மணத்தை உணர்வது. மணம் குறைந்தவர்களில் சிலருக்கு வரும், பெரும்பாலும் எரிந்த வாடையாக. சில வினாடி, திடீரென்று, முறைத்துப் பார்த்தல் அல்லது வாய் சப்புதலோடு வந்தால் வலிப்பின் வகையாக இருக்கலாம், உடனே காட்டுங்கள். ஆள் உருவங்கள் தெரிவது, சந்தேகம், குழப்பம் சேர்ந்து வந்தால் குளிசை அளவைத் திருத்த வேண்டியிருக்கும். பென்ஸ்ஹெக்சோல் அங்கேயும் சந்தேகப்படவேண்டியது. எந்த நேரம், எவ்வளவு நேரம் என்று இரண்டு வாரத்துக்குக் குறித்துக் கொண்டு வாருங்கள்.

இனி மணப் பயிற்சி. ஜேர்மனியின் டிரெஸ்டன் குழு ரோசா, எலுமிச்சை, கராம்பு, யூகலிப்டஸ் என்ற நாலு மணத்தை 12 வாரம் முகரவைத்து, பார்க்கின்சன் உள்ளவர்களில் செய்த சோதனையை 2013இல் வெளியிட்டது. பயிற்சி செய்தவர்களின் மணப்புலன் ஓரளவு கூடியது. நோயின் போக்கை அது மாற்றாது. செலவும் கெடுதலும் குறைவு என்பதால் நான் செய்யச் சொல்வேன்.

நம்ம சாமான்: ரோசாவுக்கு அத்தர் மூன்று துளி பஞ்சில் (பன்னீர் போதாது, மணம் மெல்லிசு), நசுக்கிய கராம்பு பத்து, தேசிக்காய்த் தோல் தினமும் புதிதாகச் சீவியது, யூகலிப்டஸ் எண்ணெய் இரண்டு துளி பஞ்சில். மூடியுள்ள நாலு கண்ணாடிப் போத்தல், அடுப்புப் பக்கம் வைக்க வேண்டாம். காலைச் சாப்பாட்டுக்கு முந்தியும் இரவு படுக்க முந்தியும், ஒவ்வொன்றையும் 10 வினாடி, சிறு சிறு முகர்வாக, இடையில் 10 வினாடி விட்டு. ஆழமாக இழுத்தால் மூக்கில் மணம் அறியும் இடத்தைத் தாண்டிக் காற்று நேரே நுரையீரலுக்குப் போகும். முகரும்போது "இது கராம்பு, நெய்ச்சோத்து வாசம்" என்று நினைக்கச் சொல்லுங்கள். மணமே தெரியாத நாளிலும் விடவேண்டாம். கராம்பு வாரம் ஒருமுறை, அத்தரும் எண்ணெயும் மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். வெக்கையில் வேகமாக ஆவியாகும். 12 வாரம் முடிந்ததும் முன்பு எழுதிய அதே நாலு போத்தல் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

கை நடுங்குவதால் போத்தலை நீங்கள் பிடியுங்கள், அல்லது அடி அகலமான தேத்தண்ணிக் கோப்பைக்குள் துணியால் இறுக்கி மேசையில் வைத்து, அவர் குனிந்து முகரட்டும். யூகலிப்டஸ் எண்ணெயைப் பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாத அலுமாரியில் பூட்டுங்கள். ஒரு தேக்கரண்டி விழுங்கினாலே சின்னப் பிள்ளைக்கு வலிப்பு வரலாம்.